கடிக்கிற குட்டியை வழிக்குக் கொண்டுவந்தது

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஒன்றரை மாதம்கூட இருக்காது. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போக, தெருமுனையில் தனியாகக் கிடந்த நாட்டு நாய்க்குட்டி. வந்த புதிதில் தூங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் தொடங்கியது கடி. கை, கணுக்கால், அத்தையின் சேலை என்று எதுவும் தப்பவில்லை. என் மகள் கொலுசு போட்டுக்கொண்டு ஓடினால் போதும், சத்தம் வரும் பக்கம் பாய்ந்து குதிகாலைக் கவ்வும்.

"மூக்கில ஒரு தட்டுத் தட்டு" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கையில் மிளகாய்த்தூள் தடவிக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை. அடி வாங்கி வளர்ந்த நாய், தடவிக்கொடுக்க வரும் கைக்கும் பயந்து கடிக்கும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

குடற்புழு மருந்துக்காகக் கூட்டிப்போனபோது கால்நடை டாக்டர் விளக்கினார். இந்த வயதில் கடிப்பது கோபத்தால் அல்ல. குட்டிகள் கூடப்பிறந்தவற்றோடு புரண்டு கடித்து விளையாடும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போய்விடும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு கெடும் என்பதைக் குட்டி அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. சீக்கிரமே பிரிந்துவிட்ட செவலைக்கு அதை நாங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பல் தோலில் பட்டதும் விளையாட்டு நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் முறை. கையை வெடுக்கென்று இழுத்தால் அது துரத்தும். அதனால் கையை ஆட்டாமல் தளரவிட்டு, அது வாயை எடுத்ததும் பேசாமல் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுவோம். அரை நிமிடம் போதும். திரும்பி வரும்போது கடிக்கத் தோதாக முடிச்சுப் போட்ட பழைய துண்டு கையில் இருக்கும். "ஆ" என்று கத்தினால் சில குட்டிகள் அடங்கிவிடுமாம். செவலைக்கு அதைக் கேட்டால் உற்சாகம்தான் கூடியது.

வீட்டில் எல்லோரையும் இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. மாமா வந்தால் விரலை ஆட்டி ஆட்டிக் கடிக்க விடுவார். "குட்டிதானம்மா, கடிச்சிட்டுப் போகட்டும்" என்பார். "உங்களைக் கடிச்சா விளையாட்டு, பாப்பாவைக் கடிச்சா தப்புன்னு அதுக்கு எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அவரும் துண்டை எடுத்துக்கொண்டுதான் உட்காருவார். மகளிடம், ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கச் சொன்னோம். கொலுசைக் கொஞ்ச நாள் கழற்றி வைத்தோம்.

குட்டி வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது தூக்கத்தைப் பற்றித்தான். இந்த வயதுக் குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேலும் தூங்கும். சாயங்காலம் ஆனால் செவலை காரணமே இல்லாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, எதிரில் வருபவர்களையெல்லாம் கடிக்கும். தூக்கம் போதாமல் வருகிற ஆட்டம் அது. மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்து, அங்கே படுத்தால் யாரும் தொடக் கூடாது என்று வைத்தோம். கடி பாதிக்குப் பாதி அதிலேயே குறைந்தது.

நான்காம் மாதம் பால் பற்கள் விழ ஆரம்பித்தபோது மறுபடியும் கூடியது. ஒருநாள் கூட்டும்போது அரிசி அளவில் ஒரு பல் கிடைத்தது. துண்டை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். ஈறு குளிர்ந்ததும் சாந்தமாகிவிடும்.

குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி சாதாரணமாக மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். அதற்கு முன்பே ஒருமுறை மகளின் குதிகாலில் ரத்தம் வந்துவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தம் வந்த கடி என்பதால், வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட்டார்கள். அன்றே தடுப்பூசியின் முதல் ஊசியும் போட்டார்கள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் மற்றவை. பால் பல்தானே என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஏழாம் மாதம் முடிவதற்குள் புதுப் பற்கள் 42-ம் வந்துவிட்டன. இப்போது மகள் கையிலிருந்து பிஸ்கட்டை உதட்டால் வாங்கிக்கொள்கிறது. பால்காரர் வந்தால் மட்டும் இன்னும் மேலே தாவுகிறது, ஆனால் பல் படுவதில்லை. அவர் மணியடித்ததும் உட்காரப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.