தார் பாலைவனத்தில் சைக்கிள்: ஜெய்சால்மரிலிருந்து தனோட் வரை

ஜெய்சால்மர் போகிறவர்கள் பெரும்பாலும் சாம் மணல்மேட்டோடு திரும்பிவிடுகிறார்கள். ஒட்டகச் சவாரி, ஜீப், ராத்திரி காது கிழியும் டிஜே, கூடாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வாடகை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். நிஜமான பாலைவனம் பார்க்க வேண்டுமென்றால் வடமேற்கே ராம்கட் வழியாகப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய தனோட்டுக்குப் போகும் சாலைதான், அதுவும் முடிந்தால் சைக்கிளில். போன வாரம்தான் போய் வந்தேன், தொடை வலி இன்னும் விடவில்லை, அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். ராம்கட் வரையிலான முதல் பாதியில் காற்றாலைகளும் கல்தரையும்தான்.

ஆனால் ராம்கட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். சாலையோர தாபா, வெளியே கயிற்றுக் கட்டில். கம்பு ரொட்டியில் நெய்யை ஊற்றி, கேர் சாங்ரி வைத்தார்கள். கேர் என்பது பாலைவனப் புதரில் காய்க்கும் சிறு காய், சாங்ரி என்பது வன்னி மரத்தின் காய், நம் விருத்தாசலம் கோயிலில் தலமரமாக இருக்கிறதே, அதே வன்னி. மழையே இல்லாத ஊரில் அந்தக் காயை உலர்த்தி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கச் சமைக்கிறார்கள். புளிப்பும் காரமுமாக, எண்ணெய் மிதக்க, அப்படி ஒரு ருசி! 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள் என்று படித்திருக்கிறேன், அந்தத் தட்டைக் காலி செய்தபோது அது ஏன் என்று கொஞ்சம் புரிந்தது. எல்லாம் சேர்த்து 140 ரூபாய். இரண்டு சொம்பு மோருக்குக் கடைக்காரர் காசே வாங்கவில்லை, "சைக்கிளில் போகிறவரிடம் மோருக்கு வாங்குவதா" என்று இந்தியில் கடிந்துகொண்டார்.

ராம்கட்டைத் தாண்டினால் ஊரே வேறு. பாலைவனம் தட்டையாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், சாலை மணல்மேடுகளின் மேலேயே ஏறி இறங்குகிறது, ஒரு மேட்டை மூச்சு முட்ட ஏறி முடித்தால் அடுத்தது தயாராக நிற்கும், அதோடு எதிர்காற்று வேறு. சில இடங்களில் மணல் தார்ச்சாலையையே மூடிக் கிடந்தது, இறங்கித் தள்ளினேன். எருக்கஞ்செடி, தூரத்தில் ஓடிய சிங்காரா மான்கள், எப்போதாவது ஒரு ராணுவ லாரி. செல்போனில் சிக்னல் போய்விட்டது. ஜனவரி மாதத்திலேயே ஆறு லிட்டர் தண்ணீர் கொண்டுபோனேன், ஒரு சொட்டுகூட மிஞ்சவில்லை. அந்த அமைதியில் டயர் சத்தமும் என் மூச்சும்தான் கேட்டன. இதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் போவேன்.

தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படைதான் நடத்துகிறது. 1965 போரில் கோயிலைச் சுற்றி விழுந்து வெடிக்காமல் போன குண்டுகளை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வேண்டுதலுக்கு ஜனங்கள் கைக்குட்டை கட்டுகிறார்கள், ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன.

இனி எரிச்சல். ராம்கட்டுக்குத் திரும்ப ஜீப் கேட்டேன். 55 கிலோமீட்டருக்கு 3,000 ரூபாயாம், சைக்கிளுக்குத் தனியாக 500! ஜெய்சால்மரிலிருந்து போக வர கார் எடுத்தாலே ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். இருட்டப் போகிறது, இவனுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு கேட்பது பச்சைக் கொள்ளை. முடியாது என்று நடந்துவிட்டேன். அரை மணி நேரத்தில், காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பிக்கப் வண்டிக்காரர் 400 ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டார், சைக்கிளை அவரே கயிறு போட்டுக் கட்டினார்.

போகிறவர்களுக்கு: கோயில் வரை இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, அதற்கு அப்பால் போய் எல்லையைப் பார்க்கத்தான் சீட்டு வேண்டும். பணத்தை ஜெய்சால்மரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டயர் அகலமாக இருக்கட்டும், ஒல்லி டயர் மணலில் புதையும். முள் அதிகம், பஞ்சர் சாமான் கட்டாயம். அப்புறம், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள், மே ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்.