"கர்த்தர் அல்ல, நானே"

1974ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் கிறிஸ்தவ பாடம் படித்தவர்கள் நாங்கள் பதினொரு பேர். அன்று சேர் எங்களை ஒரு நீலப் பென்சிலும் ஒரு சிவப்புப் பென்சிலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பாடம், அப்போஸ்தலன் பவுல் கொரிந்து பட்டணத்துச் சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபம், அதாவது கடிதம், ஏழாம் அதிகாரம். கர்த்தராகிய இயேசுவின் கட்டளை என்று பவுல் சொல்வதற்கு நீலக் கோடு. தன் சொந்தச் சொல் என்று சொல்வதற்குச் சிவப்பு.

பத்தாம் வசனத்தில் "நானல்ல, கர்த்தரே" என்கிறார். நீலம். பன்னிரண்டில் "கர்த்தர் அல்ல, நானே". இருபத்தைந்தில் "என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன்". சிவப்பு, மறுபடியும் சிவப்பு. மணி அடிக்கப்போகும் நேரத்தில் பக்கமெல்லாம் சிவந்திருந்தது.

"அப்படியென்றால் சிவப்புக் கோடு போட்டதெல்லாம் வேதம் இல்லையா, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

சேர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். "கடைக்கு ஓர் ஆளை அனுப்புகிறாய். அவன் திரும்பி வந்து, 'முதலாளி சொன்னது இவ்வளவு, மிச்சம் என் கணிப்பு' என்று பிரித்துச் சொல்கிறான். அவனை நம்புவாயா, மாட்டாயா?"

எனக்கு நெஞ்சு படபடத்தது வேறு காரணத்தால். ஐயா மெதடிஸ்த சபை; அம்மா சைவம். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டு நல்லூருக்குப் போவார். சபைப் பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மா ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, "ஒளிக்கும் இருளுக்கும் ஐக்கியமேது?" என்று ஐயாவைக் கேட்டதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அதுவும் பவுலின் வசனம்தான். ஆனால் நான் சிவப்புக் கோடு போட்ட பன்னிரண்டாம் வசனம், மனைவி அவிசுவாசியானாலும் கூடி வாழச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடாதே என்கிறது. அன்று பின்னேரம் அடுப்படியில் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யார் சொன்னது என்று கேட்டார். பவுல் என்றேன். "வீடு வாசல் தெரிந்த மனிதர்" என்று சொல்லிவிட்டு அரிசி களையத் தொடங்கினார்.

இயேசு பெரும்பாலும் யூதர் நடுவிலே போதித்தார். விவாகரத்தைப் பற்றி அவர் சொன்னது சுவிசேஷங்களில் உண்டு. ஒருவர் விசுவாசியாகி மற்றவர் ஆகாத வீட்டைப் பற்றிய வார்த்தை அங்கே இல்லை. கொரிந்து துறைமுகப் பட்டணத்தில் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. எபேசுவிலிருந்து பதில் எழுதிய பவுல், கர்த்தர் சொன்னார் என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். யார் போய்ச் சரிபார்த்திருப்பார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. ஆவியானவரின் வேலையை நான் காண்பது அந்த இடத்தில்தான். அவருடைய அபிப்பிராயம் வேதத்தில் இருக்கிறது. அது அபிப்பிராயம் என்ற குறிப்பும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை, ஞானஸ்நானம் பெற்றவரை அவிசுவாசியான துணை விட்டுப் பிரிந்தால் அவர் மறுமணம் செய்யலாம் என்னும் 'பவுலின் சலுகை' என்ற திருமணச் சட்டத்தையே இந்தச் சிவப்புப் பகுதியின் மேல்தான் கட்டியிருக்கிறது.

கடைசியான நாற்பதாம் வசனத்தில் சேரே தடுமாறினார். விதவை மறுமணம் செய்யாமல் அப்படியே இருந்துவிட்டால் பாக்கியவதி என்று தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு, பவுல் இப்படி முடிக்கிறார்: "என்னிடத்திலும் தேவனுடைய ஆவி உண்டென்று எண்ணுகிறேன்." 'எண்ணுகிறேன்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இதற்கு என்ன நிறம் என்று எங்களைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் இரண்டு கோடும் போட்டேன்.

புலம்பெயர்ந்து வந்தபின், இங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில், போரில் கணவரை இழந்த இளம்பெண்ணிடம் மறுமணம் தேவ கட்டளைக்கு விரோதம் என்று ஒரு போதகர் அதே வசனத்தைக் காட்டிச் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, அதற்கு முந்திய வசனத்திலிருந்து வாசித்தேன்: கர்த்தருக்குட்பட்ட எவரையும் தன் விருப்பப்படி மணக்க அவள் "விடுதலையாயிருக்கிறாள்". பிறகு நாற்பதாம் வசனத்துக்கு வந்து, "என்னுடைய அபிப்பிராயத்தின்படியே" என்ற சொற்களை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அந்தப் பெண் என் வேதாகமத்தை வாங்கி, அந்தக் கோடுகள் ஏன் இரண்டு நிறத்தில் இருக்கின்றன என்று கேட்டார்.