பூட்டிய ஊர் வீட்டுக்கு ஜூனில் போங்கள்

ஊரில் ஓட்டு வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல, டிசம்பர் பள்ளி விடுமுறையில்தான் திருச்சிக்கு விமானம் ஏறுகின்றன. காவிரி டெல்டாவில் அப்போது வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. ஈர ஓட்டில் யாரும் ஏற முடியாது. டிசம்பரில் ஒழுகும் இடங்களைத் தரையில் கரியால் குறித்து வையுங்கள், அது போதும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே பெரும்பாலும் ஓட்டை இருக்காது. கூரைச் சரிவைத் தாங்கும் கைமரம் வழியே தண்ணீர் ஓடிவரும், உடைந்த ஓடு இன்னும் மேலே இருக்கும்.

வேலையை ஜூன் விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்துவிட்டால் ஆட்கள் குறுவை நெல் வேலைக்குப் போய்விடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஆடிக் காற்று கிளம்புமுன் கூரை முடிந்திருக்க வேண்டும்.

முதலில் முற்றத்து மூலைகளில் இருக்கும் கூடல்வாயைப் பாருங்கள். இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கி ஓட்டுக்கு அடியில் நுழையும். ஓடு உட்காரும் ரீப்பர் சட்டம் ஊறும், பிறகு கைமரம். அந்த ஈரத்தைத் தேடித்தான் கரையான் வரும். சீமை ஓடு (மங்களூர் ஓடு) நூறு சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும். ஓடுகள் ஒன்றையொன்று கவ்வும் காடி கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் புது ஓடு பழையதோடு சரியாகக் கவ்வாது. ஓட்டின் முத்திரையைப் படமெடுத்துக்கொண்டு, பழைய வீடு இடிக்கும் இடங்களில் அதே ஓட்டைத் தேடுங்கள். மண் சுவருக்குச் சிமெண்ட் பூசவே வேண்டாம்; ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள் கரையும். சுண்ணாம்புதான் சரி. சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும்.

முன்பு இந்தப் பராமரிப்பு விவசாயத்தோடு சேர்ந்தே நடந்தது. அடுப்புப் புகை கூரை மரத்தைப் பூச்சியிலிருந்து காத்தது. குதிரில் நெல் இருந்ததால், ஒரு சொட்டு ஒழுகினாலும் உடனே ஆள் ஏறினார்கள். இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுக்கிறது. அது அப்படியே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. களமும் குதிரும் தேவையில்லை, உழவு மாடு போனபின் தொழுவமும் தேவையில்லை. வயலை விற்காமல் குத்தகைக்கு விட்டவர்களின் வீடும் விழுகிறதே, காரணம் இதுதான். வயலுக்கு வருகிறவர் வீட்டுக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே சம்பளத்துக்குக் காவலாள் வைப்பதைவிட, குத்தகைக்காரரிடமே சாவியைக் கொடுங்கள். விதைநெல்லையும் பம்ப்செட் சாமான்களையும் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளட்டும், தொழுவத்தில் வைக்கோல் அடுக்கட்டும். உர மூட்டை மட்டும் கூடாது. அதன் உப்பு ஈரத்தை இழுத்துச் சுவரை அரித்துவிடும்.