ஆறரைக் கூட்டம் வரையாடுகள்

நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் புல்வெளிச் சரிவுகளில் வரையாடுகளை எண்ணிய முதல் நாள் மாலை எனக்குக் கிடைத்த விடை ஆறரைக் கூட்டம். அரைக் கூட்டம் என்று ஒன்று மலையில் மேய்வதில்லை என்பது எனக்கும் தெரியும். அந்த அரை எப்படி வந்தது என்பதை முழுதாகப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

தொடக்கம் அனுமதியில்தான். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் ஆய்வு செய்ய இயலாது. என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது, தவறு என்னுடையது. வெப்பநிலைப் பதிவுக் கருவிகளை வைக்கப்போகிறேன் என்று எழுதினேனே தவிர, எந்தெந்த இடத்தில் என்று குறிப்பிடவில்லை. வரைபடத்துடன் மீண்டும் அனுப்பிய பிறகு வேலை நடந்தது. ஆய்வு மாணவர்கள் இதற்கென்று சில மாதங்களை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது நல்லது.

நாங்கள் பின்பற்றியது இரட்டைப் பார்வையாளர் முறை. ஒரே தடத்தில் இருவர் ஏறத்தாழ அரைமணி நேர இடைவெளியில் நடந்து, தனித்தனியே கண்ட கூட்டங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரு பட்டியல்களும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை வைத்து, இருவருமே தவறவிட்டவற்றை மதிப்பிடலாம். எத்தனை உருப்படி, அவற்றில் முதுகில் வெள்ளிநிறச் சேணம் போட்டதுபோன்ற முதிர்ந்த கிடாக்கள் எத்தனை, பெட்டைகள் எத்தனை, குட்டிகள் எத்தனை, எந்தப் பாறையருகில், எத்தனை மணிக்கு என்பவை எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும். குட்டிகள் பெரும்பாலும் சனவரி, பிப்ரவரியில் பிறப்பதால் நாங்கள் சென்ற ஏப்ரலில் அவை தாயோடு பாறை தாவும் அளவுக்கு வளர்ந்திருந்தன. இம்முறையின் கடினம் நடையில் இல்லை, வாயை மூடிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. எதிரே திரும்பி வரும் நண்பரிடம் "அந்த வளைவுக்குப் பின்னால் பார்த்தாயா?" என்று ஒரு சொல் கேட்டுவிட்டால் இருவரின் கணக்கும் ஒரே கணக்காகிவிடும். என்னுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலருக்கு இந்தக் கட்டுப்பாடு வேடிக்கையாக இருந்தது. வரையாடு எச்சரிக்கைச் சீழ்க்கை அடிப்பதைக் கேட்ட மாத்திரத்தில் அது நிற்கும் திசையைச் சொல்லக்கூடியவர் அவர். "காத்து மாறிடுச்சு தம்பி, இனி அந்தப் பக்கம் நிக்காது" என்று அவர் சொன்ன பிறகும் நான் பைனாகுலரை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபடியே அங்கு எதுவும் நிற்கவில்லை.

மாலையில் இரு ஏடுகளையும் பக்கத்தில் வைத்தோம். நான் கண்டவை ஐந்து கூட்டங்கள், நண்பர் கண்டவை நான்கு, இருவரும் கண்டவை மூன்று. ஆனால் அந்த மூன்றில் ஒன்றில்தான் வழக்கு. என் ஏட்டில் பதினொரு உருப்படிகள்: ஒரு கிடா, ஆறு பெட்டைகள், நான்கு குட்டிகள். நண்பரின் ஏட்டில், சற்றுத் தள்ளி இருந்த பாறையில், கிடா இல்லாமல் பத்து. கொம்பு முறிந்த ஒரு பெட்டையை இருவருமே குறித்திருந்ததால் அது ஒரே கூட்டம் என்று முடிவு செய்தோம். கணக்கு எளியது: ஐந்தோடும் நான்கோடும் ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கி, பொதுவான மூன்றோடு ஒன்று கூட்டி வகுத்து, வந்ததில் ஒன்றைக் கழிக்க வேண்டும். விடை 6.5. நாங்கள் நேரில் கண்டவை ஆறு. மீதி அரை, இருவர் கண்ணிலும் படாமல் போனதற்கான மதிப்பீடு. முறிந்த கொம்பைக் கவனிக்காமல் அவற்றை இரு வேறு கூட்டங்கள் என்று கொண்டிருந்தால் பொதுவானவை இரண்டாகக் குறைந்து விடை ஒன்பதாகியிருக்கும். ஒரு கொம்பு இரண்டரைக் கூட்டங்களைத் தீர்மானித்தது.

அதன் பிறகு மாநிலக் கணக்கெடுப்பின் எண்களையும் வேறு கண்ணோடு படிக்கிறேன். தமிழ்நாட்டில் 2024இல் 1,031 வரையாடுகள் என்றும் 2025இல் 1,303 என்றும் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான், ஆனால் கணக்கெடுத்த பகுதிகளும் 140இலிருந்து 177ஆக உயர்ந்திருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வெப்பநிலைக் கருவிகளை நவம்பரிலேயே வைத்திருந்தோம்: மேட்டுப் புல்வெளியில் ஒன்று, பள்ளத்துப் புல்வெளியில் ஒன்று, சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காட்டுக்குள் ஒன்று. வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் பனிக்கட்டி கரையும் நீரில் அமிழ்த்திப் பார்த்ததில் ஒன்று சுழியத்துக்கு மேல் காட்டியது, அதை ஒதுக்கினோம். முதல் வாரம் வெயில் மறைப்பு இல்லாமல் விட்டதால் அந்தப் பகல் பதிவுகள் முழுவதும் வீண். இரவுப் பதிவுகளே எனக்கு முக்கியம். குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும் பள்ளத்துப் புல்வெளியில் உறைபனி படிந்த இரவுகளிலும் மர நிழலுக்குள் வெப்பம் சுழியத்துக்குக் கீழே செல்லவில்லை. சோலை மரக் கன்றுகள் புல்வெளிக்குள் பரவாமல் தடுப்பவற்றில் இந்த உறைபனியும் ஒன்று; நட்டு வளர்த்த சீகை (வாட்டில்) மரத்தையோ அது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. உறைபனி இரவுகள் குறைந்தால் மரமும் புதரும் புல்லுக்குள் ஏறி வரையாட்டின் மேய்ச்சலைச் சுருக்குமா என்பதே என் கேள்வி. ஒரு குளிர்காலப் பதிவை வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல நான் தயாராக இல்லை; கருவிகள் அடுத்த குளிர்காலத்துக்கும் அங்கேயே இருக்கின்றன.

கணக்கெடுப்பின் மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையில் நான் ஏட்டில் சுழியம் என்று எழுதியிருந்தேன். இரவில் அதை அடித்துவிட்டு, "வரையாடு இல்லை", "பார்க்க இயலவில்லை" என்று இரண்டு தனிக் கட்டங்களைக் கோடு போட்டு, இரண்டாவதில் குறியிட்டேன்.