தலை இல்லாத பூநாரை

2024-ல ஒரு கூத்து நடந்துச்சு. 1839 அவார்ட்ஸ்னு ஒரு புகைப்படப் போட்டி, அதுல ஏஐ படங்களுக்குன்னு தனிப் பிரிவு. மைல்ஸ் ஆஸ்ட்ரேன்னு ஒரு புகைப்படக்காரர், அரூபா தீவுல தன் கேமராவுல எடுத்த நிஜப் படத்தை வேணும்னே அந்தப் பிரிவுக்கு அனுப்பிட்டார். நடுவர்கள் 3-வது இடம் கொடுத்தாங்க. மக்கள் ஓட்டுலயும் அதுதான் ஜெயிச்சது. அவரே உண்மையைச் சொன்னதும் பரிசு ரத்து.

படம் என்னன்னா, மணல்ல நிக்குற ஒரு பூநாரை. இளஞ்சிவப்பா ஒரு உருண்டை உடம்பு, கீழ ரெண்டு குச்சிக் கால், தலையைக் காணோம்! வயித்தைச் சொறிய கழுத்தை அப்படியே மடக்கி உள்ள விட்டிருக்கு. பார்த்தா ஏஐ சொதப்பின மாதிரியேதான் இருக்கும். (பழவேற்காட்டுல பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தவங்க உடனே கண்டுபிடிச்சிருப்பாங்களோ என்னவோ.)

ரத்து பண்ணது நியாயம்தான், அவரும் அதை ஏத்துக்கிட்டார். ஆனா பறவை சொறியுற அந்த நொடியில "இதுதான் படம்"னு கிளிக் பண்ணின கண்ணு இருக்கே, அதுக்குத்தான் என் ஓட்டு. ப்ராம்ப்ட்ல (அதாவது ஏஐ-கிட்ட படம் கேட்டு எழுதுற வரியில) "தலை தெரியாத பூநாரை"ன்னு கேக்குறதுக்கும் முதல்ல யாருக்காவது அது தோணியிருக்கணுமே!

அவர் பேரைப் போட்டுத் தேடினா படம் கிடைக்கும். பார்த்துட்டு வந்து சண்டை போடுங்க.