டெக்சாஸில் போலீஸ், தோவாளையில் ஆடிக்காற்று

டாலஸ் பக்கம் நாங்கள் வாங்கிய வீட்டில் திருட்டு அலாரம் ஏற்கெனவே இருந்தது. கண்காணிப்பு மையத்துக்கு மாதச் சந்தா. அது போக, ஊர் நிர்வாகத்திடம் வருஷாவருஷம் பர்மிட்டும் எடுக்க வேண்டுமாம். என் வீட்டில் என் காசில் மணி அடிக்க எதற்குப் பர்மிட் என்று புலம்பாத நம்மாள் இங்கே கிடையாது. வீடுகளுக்கு அந்தக் கட்டணம் ஆண்டுக்கு 50 டாலரைத் தாண்டக் கூடாது என்று டெக்சாஸ் மாநிலச் சட்டமே சொல்கிறது. சரி என்று கட்டினோம்.

அது எதற்கென்று புரிந்தது, கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையிலிருந்து அப்பாவும் அம்மையும் வந்த பிறகுதான். பகலில் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை என்று அம்மைக்குப் பயம். அதனால் நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது கதவு சென்சார்களை மட்டும் போட்டுவிட்டுப் போவோம். ஒருநாள் அப்பா வேட்டியைத் துவைத்து, வேலியில் காயப்போடப் பின்கதவைத் திறந்துவிட்டார். சைரன் அலற, சுவரில் இருந்த பெட்டி ரகசியச் சொல்லைக் கேட்டது. அப்பா இனிஷியலோடு முழுப்பெயரையும் சொல்லி, ஊர், தாலுகா வரை ஒப்பித்தார். மையத்துக்காரர்கள் எங்கள் இரண்டு நம்பருக்கும் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைக்காததால் போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்த இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, அம்மை நீட்டிய காப்பியைச் சிரித்தபடி மறுத்து, ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“மக்களே, துணி காயப்போட்டதுக்குமா போலீஸ் வரும்?” என்று ராத்திரி முழுக்க அப்பாவுக்கு அதே பேச்சு.

அந்தத் தாளில்தான் கணக்கு இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று பொய் அலாரம் வரை மன்னிப்பு. நான்காவதிலிருந்து அபராதம். 50 டாலரில் தொடங்கி 75, 100 என்று ஏறும். அதற்கு மேல் வாங்க மாநிலச் சட்டம் விடாது. எனக்குப் பிடித்தது இன்னொரு ஷரத்து. தகவல் கிடைத்து 30 நிமிடத்துக்குள் போலீஸ் வந்து பார்த்திருந்தால்தான் அது பொய் அலாரக் கணக்கில் சேரும். தாமதமாக வந்துவிட்டு நம்மிடம் காசு கேட்க முடியாது.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் போலீஸுக்குப் போகும் திருட்டு அலாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பொய்தான். பாதிக்கும் மேல் வீட்டு ஆட்களே கிளப்பிவிடுவது. மிச்சத்துக்குச் சரியாகச் சாத்தாத கதவு, தீர்ந்துபோன பேட்டரி, பூனை, ஏசி காற்றில் மிதக்கும் பிறந்தநாள் பலூன். சால்ட் லேக் சிட்டியில் 2000-ஆம் ஆண்டிலேயே, யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும் என்று மாற்றிவிட்டார்கள். சியாட்டிலிலும் 2024 அக்டோபரிலிருந்து வீடியோவோ வேறு ஆதாரமோ வேண்டும். அது எனக்கு உடன்பாடில்லை. வயசானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஆதாரத்தை யார் காட்டுவது? டெக்சாஸ் முறையே மேல். பர்ஸில் கைவைத்தால் வீட்டுக்காரன் தானாக ஒழுங்காவான்.

எங்கள் வீட்டில் அலாரத்தை அணைக்க அப்பாவுக்கென்று தனி நம்பர் போட்டோம், பேத்தியின் பிறந்த வருஷம். ரகசியச் சொல்லை ‘தோவாளை’ என்று மாற்றினோம். அப்புறம் போலீஸ் வரவில்லை.

அதே சமயம் ஊரில் பூட்டிக் கிடந்த வீடு வேறு கதை. அதற்கும் ஒரு சைரன் மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றைத் தோவாளைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மாடிக் கதவு தாழ்ப்பாளோடு ஆடி, கதவில் இருந்த காந்தம் நிலையில் இருந்த சென்சாரை விட்டு விலக, நடுச்சாமத்தில் தெருவையே எழுப்பியிருக்கிறது. பேட்டரி தீரும் வரை ஓயவில்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் வெளிச் சைரன் சில நிமிடங்களில் தானாக நிற்க வேண்டும் என்று விதி உண்டு. நம்மூர் மாவட்டம் முழுக்க வெளிநாட்டுக்காரர்களின் பூட்டிய வீடுகள் இருக்க, அந்த ஒரு விதியாவது அங்கேயும் வரலாம். அபராதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து தாழ்ப்பாளை இறுக்கி, காந்தத்தை நெருக்கி வைத்தார். வீடு பூட்டிக் கிடக்கும் விஷயத்தை போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லி வைத்தார். கூலியை அனுப்புகிறேன் என்றதற்கு, “அது கிடக்கட்டும், ராத்திரி ஒறக்கம் போனதுக்கு அந்த ஊருல எவ்வளவு டாலர்?” என்று கேட்டார்.