எலி லிவர்ல ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்களா, ஐஸ் தீராம பாத்துக்கோங்க

எம்.ஃபார்ம்ல என் ப்ராஜெக்ட் கீழாநெல்லி எக்ஸ்ட்ராக்ட், அது லிவர காப்பாத்துதான்னு பாக்கிறது. லிவர கெடுக்க எல்லாரும் எடுக்கிற அதே கார்பன் டெட்ராக்ளோரைடு கெமிக்கல்தான், விஸ்டார்ங்கிற லேப் எலி, ஒப்பிட்டு பாக்கிற ஸ்டாண்டர்டு மருந்துக்கு சிலிமாரின். எல்லாரும் ஊசி போடறதுக்குத்தான் பயப்படறாங்க, ஆனா ரிசல்ட்ட கெடுக்கறது லிவர வெளிய எடுத்த அப்புறம் நடக்கிற விஷயம்.

முதல் பேட்ச்ல எனக்கு நார்மல் குரூப்லயே எம்டிஏ (கொழுப்பு ஆக்சிடைஸ் ஆனா வர்ற மலோன்டைஆல்டிஹைடு) ஏறிக் கெடந்துச்சு, எந்த கெமிக்கலும் போடாத எலிக்கு எப்படி ஏறும்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். பாத்தா அன்னிக்கு ஐஸ் தீந்து போய் லிவர் துண்டுங்க முக்கால் மணி நேரம் சும்மா டிரேல கெடந்திருக்கு, ரத்தத்தையும் சரியா கழுவல. ரத்தத்துல இருக்க இரும்பு, காத்து, சூடு மூணும் சேந்தா கொழுப்பு தானாவே ஆக்சிடைஸ் ஆகிட்டே இருக்கும், அது எலி உயிரோட இருந்தப்ப நடந்துச்சா டிரேல நடந்துச்சான்னு எம்டிஏ அளக்க 532 நானோமீட்டர்ல பாக்கிற அந்த பிங்க் கலர் சொல்லாது. அந்த ஆறு எலியோட உசுரு வீணா போச்சேன்னு இன்னிக்கும் மனசு உறுத்துது. எத்திக்ஸ் கமிட்டி குடுத்த எண்ணிக்கைக்கு மேல ஒன்னு கூட எடுக்க முடியாது, மறுபடி எழுதிக் குடுத்து காத்திருந்தேன். ரெண்டாவது தடவை ஜில்லுனு இருக்க சலைன்ல ரத்தம் போற வரைக்கும் கழுவி, மைக்ரோஸ்கோப்ல பாக்கிற ஹிஸ்டோ ஸ்லைடுக்கு ஒரு துண்ட ஃபார்மலின்ல போட்டுட்டு மீதிய உடனே ஐஸ்ல வச்சே அரைச்சேன், நார்மல் குரூப் ரீடிங் எறங்கிடுச்சு.

வைவால ஸ்லைட காட்டி, ஏம்மா சென்ட்ரல் வெயின சுத்தி மட்டும் செல் செத்திருக்குன்னு கேட்டாங்க. சிப்2ஈ1 என்சைம் அங்கதான் ஜாஸ்தி, அதுதான் இந்த கெமிக்கல ட்ரைக்ளோரோமெத்தில் ரேடிகலா, அதாவது பக்கத்துல இருக்கறத தாக்கற துணுக்கா மாத்துது, அது ஆக்சிஜனோட சேந்து பெராக்சில் ரேடிகலாகி மெம்ப்ரேன் கொழுப்ப அரிக்குதுன்னு சொன்னேன். ரத்தத்துல ஏஎஸ்டிங்கிற என்சைம் ஏறினா கெட்டது லிவர்தான்னு சொல்லலாமான்னு கேப்பாங்க, சொல்லக்கூடாது, இதயம், தசை, சிவப்பணு எல்லாத்துலயும் அது இருக்கு, சிவப்பணு ஒடஞ்சு ஹீமோலைஸ் ஆன சீரம்ல சும்மாவே ஏறும்.

கடைசி கேள்விதான் கஷ்டம். உன் எக்ஸ்ட்ராக்ட் வந்த ரேடிகல அடக்கற ஆன்டிஆக்சிடன்ட்டா, இல்ல அந்த என்சைம தடுத்து ரேடிகலே வராம பண்ணிடுச்சான்னு. முன்னாடியே மருந்து குடுத்த என் டிசைன்ல அத பிரிச்சு சொல்ல முடியாது சார், கெமிக்கல் போட்ட அப்புறம் மருந்து குடுத்த குரூப் ஒன்னு வேணும்னு உள்ளத சொன்னேன், தலையாட்டிட்டு அடுத்த பக்கம் போயிட்டார். நீங்க புரோட்டோகால் எழுதும்போதே அந்த குரூப்ப சேத்துடுங்க, அனுமதி வந்த அப்புறம் சேக்கறது பெரிய அலைச்சல்.